வரிசை எண் ஒன்று

செப்டம்பர் 17

பேத்திக்கு,

அன்றைக்கு மடிப்பு மேசையைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீ மறந்துபோச்சு என்று சொல்லக் கூடாது. இஸ்திரிக்காரி. மடிப்பு மேசை அக்கா. அவளுடைய தங்கை. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரம்மா. சேர்ந்து மூன்று மாதமாகியும் எல்லோரும் ‘புதுசு’ என்றே கூப்பிடுகிற அந்தப் பெண். வார்டிலிருந்து அழுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிக்காரர். கொதிகலன்காரர். நான். ஒன்பதாவது ஆள் நீ. செப்டம்பர் மூன்று, புதன்கிழமை, பத்தரை மணி டீ நேரம். வெளுத்த துணிமேல் கொதிகலன்காரர் டம்ளரை வைத்தார் என்று அக்கா அவரை ஒரு வாங்கு வாங்கினாள். அவர் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும்.

நான் அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. அன்று வந்தது புதுசின் கைக்காக. வார்டில் இருந்து வந்த விரிப்பை அவள் உதறும்போது உள்ளே கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி, என்ன நோய், ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் இரத்தம் கொடுத்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஏறியபோது நீ கைக்குழந்தை. ஆறு மாதம் உன்னை நான் தூக்கவில்லை. வார்டிலேயே துணியை உதறி அனுப்புங்கள், தடிமனான கையுறை கொடுங்கள் என்று இரண்டே விஷயம்தான் கேட்டோம்.

எப்படிக் கேட்டோம் என்பதும் உனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து அந்த மேசைக்கடியில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. தாளின் ஒரு பக்கம் கோரிக்கை. மறுபக்கம் தட்டைக் கவிழ்த்து வைத்து ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி, அவரவர் நிற்கிற பக்கத்திலிருந்து கையெழுத்து. எந்தப் பக்கம் திருப்பினாலும் முதல் கையெழுத்தும் கிடையாது, கடைசிக் கையெழுத்தும் கிடையாது. யார் தொடங்கினது என்று எந்த மேனேஜரும் கண்டுபிடிக்க முடியாது. நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே அந்தக் கூடத்தில் இப்படித்தான்.

நீ என்ன சொன்னாய்? “நீ விடு பாட்டி, நான் காலேஜ்ல இதைத்தான் படிக்கிறேன். நீட்டா டைப் அடிச்சு நானே குடுத்துடறேன்.” மக்களைச் சேர்ப்பது எப்படி, அவர்களுக்காக வாதாடுவது எப்படி என்று உனக்கு அங்கே பாடம் நடக்கிறதாம். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பெருமையாக. நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை காலை, மேனேஜர் இஸ்திரிக்காரியைக் கூப்பிட்டு உன் தாளைக் காட்டியிருக்கிறார். கட்டம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, எங்கள் கையெழுத்துகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டியிருக்கிறாய். வரிசை எண் ஒன்று இஸ்திரிக்காரி. “நீதான் மொதல்ல போட்டிருக்க. அப்ப நீதான் தூண்டிவிட்டவ” என்று சொல்லி, விசாரணை முடிகிற வரை உள்ளே வராதே என்று அனுப்பிவிட்டார்கள். பதினேழு வருடம் விரிப்பு தேய்க்கிற அந்த உருளை மெஷின் சூட்டில் நின்றவள்.

விசாரணை அக்டோபர் ஏழு. வட்டம் போட்ட தாள் உன்னிடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டி


செப்டம்பர் 20

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். இஸ்திரி அக்காவுக்கு நடந்தது தப்பு. ஆனால் அதைச் செய்தது மேனேஜர், நானில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அவருக்கு ஒரு திட்டுகூட இல்லை.

அலுவலகங்களில் வட்டமாகப் போட்ட கையெழுத்தை வாங்க மாட்டார்கள். எங்கள் களப்பணிக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் மனுதாரர் பட்டியல் அட்டவணையாக, வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். மேடம் அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். எண் என்பது வெறும் எண். கடிகாரம் சுற்றுகிற திசையில் வந்த வரிசை அது. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அர்த்தம் கற்பித்தது அவர்கள்.

வட்டத் தாள் இப்போது என்னிடம் இல்லை. களப்பணி அறிக்கையோடு இணைப்பாக மேடமிடம் கொடுத்துவிட்டேன். மதிப்பெண் போட்டு முடிக்கிற வரை கோப்பு அவர் அலமாரியில்தான் இருக்கும். இப்போது போய்க் கேட்டால், கையெழுத்துகளை நான் வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும். மூலத்தை மாற்றினால் அறிக்கையே செல்லாது என்று விதி. ஒரு வருடம் வீணாகிவிடும். அதற்குப் பதிலாக, வரிசைக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம் நானே மேனேஜருக்கு அனுப்புகிறேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் சரியில்லை. நீட்டாக டைப் அடித்துத் தருகிறேன் என்று நானாக வந்து சொல்லவில்லை. “இவளைப் படிக்கவெச்சது எதுக்கு?” என்று நீதான் எல்லார் முன்னாலும் கேட்டாய். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

உன் பேத்தி


செப்டம்பர் 24

பேத்திக்கு,

ஆமாம், கேட்டேன். மடிப்பு மேசைத் தங்கை, “நாமே கொண்டுபோய்க் குடுத்துடலாமே” என்றாள். அதற்குத்தான் அப்படிக் கேட்டேன். என் வாயில் வந்ததை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நீயும் பழகிக்கொள்.

மேனேஜரைத் திட்டவில்லை என்கிறாய். அவரைத் திட்ட எனக்குத் தாள் எதற்கு, நேரிலேயே திட்டுவேன். போன வெள்ளிக்கிழமை மருந்து வாங்கும் வரிசையில் பார்த்தேன், திட்டினேன். அவர் விளக்கு எரிகிறதா என்று கூரையைப் பார்த்தார்.

இஸ்திரிக்காரி நேற்று வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்று பழகிய கால் என்றாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “வேலை இல்லைன்னு சொல்லி அனுப்பியிருந்தா போயிருப்பேன்மா. கலகக்காரின்னு எழுதி அனுப்புறாங்க. இனிமே எந்த ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடுவான்?” என்றாள். உன் விளக்கக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “பாப்பா எழுதினா சரியா இருக்கும்” என்றாள். உன்னை இன்னும் பாப்பா என்கிறாள். அவள் தோளில் தூங்கியவள் நீ.

அவள் போனபிறகு நான் ஒரு தாள் எடுத்துத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள் என்று நினைத்து நினைத்து எழுதினேன். நான் ஜன்னல் பக்கம். என் இடது கைப் பக்கம் இஸ்திரிக்காரி. அவளுக்கு அடுத்து அக்கா, தங்கை. எதிரே தையல்காரம்மா, கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் தாளை மூக்குக்கு இழுத்தாள். அடுத்து புதுசு, கட்டுப் போட்ட கையோடு. பிறகு வண்டிக்காரர். பிறகு என் வலது பக்கம் கொதிகலன்காரர், அவர் டம்ளரிலிருந்து என் முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

இஸ்திரிக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னபடி, உன் பட்டியலில் ஒன்று இஸ்திரிக்காரி, ஏழு கொதிகலன்காரர், எட்டு நான்.

கடிகாரம் சுற்றுகிற திசைதான், நீ பொய் சொல்லவில்லை. ஆனால் வட்டத்தை எங்கேயாவது வெட்டினால்தானே அது வரிசையாகும். எட்டு இடத்தில் எங்கே வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். சரியாக எனக்கும் இஸ்திரிக்காரிக்கும் நடுவில் கத்தியை வைத்திருக்கிறாய். நான் வேலையை விட்டவள். என்னில் தொடங்கியிருந்தால் யாரை வேலையிலிருந்து அனுப்புவார்கள்?

ஏன் என்னில் தொடங்கவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது. படிவம், விதி எல்லாம் எழுதாதே.

பாட்டி


செப்டம்பர் 27

பாட்டி,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நாலாவது தாள்.

களப்பணிக்கு அனுமதி வாங்க ஜூலையில் மேனேஜரைப் பார்க்கப் போனேன் இல்லையா, அப்போது அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மாதிரிதான் பேசினார். கிளம்பும்போது சொன்னார்: “உங்க பாட்டி இன்னும் குவார்ட்டர்ஸ்லயே இருக்காங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு அது கிடையாது. எங்க தயவுலதான் ஓடுது. பாத்துக்கம்மா.” இதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே போய்ச் சாவியை அவர் மேசையில் எறிந்துவிட்டு வருவாய்.

அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அம்மா வெளியூரில் ஒரே அறையில் இருக்கிறாள். உனக்குப் போக வேறு இடமில்லை. அதனால் உன் பெயர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும் என்று கடைசியில் வைத்தேன். உனக்கு அடுத்த பெயரிலிருந்து தொடங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீயே தட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாய். அப்படிச் செய்தால் வேறு யாரோ ஒருவர் முதலில் வர வேண்டுமே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இஸ்திரி அக்காவுக்கு வாய் உண்டு, அவர் சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிறகு பிரின்ட் கொடுத்துவிட்டேன்.

விளக்கக் கடிதத்துக்கு மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஒரே வரி.

பேத்தி


செப்டம்பர் 30

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடாமலே எழுதுகிறேன்.

எனக்காகச் செய்தாயாம். நான் கேட்டேனா? முப்பத்தொரு வருடம் அந்தக் கூடத்தில் யார் முதுகுக்குப் பின்னாலும் நின்றதில்லை. தலைமை டாக்டர் வந்து கத்தியபோதும் மேசைக்கு முன்னால்தான் நின்றேன். என்னைத் தூக்கி இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய். அதுவும் என்னைவிட இருபது வயது சின்னவள் முதுகு. நான் பதினைந்து நாளாக அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் கழுத்தின் விலையில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்.

உன் காலேஜில் இதற்கு என்ன பெயர்? மக்களுக்காக வாதாடுவதா? ஒருத்திக்கு வாய் இருக்கிறது என்பதற்காக அவளை முன்னால் தள்ளிவிடலாம் என்று எந்தப் பாடத்தில் வருகிறது? வாய் இருக்கிறவளுக்கு வயிறும் இருக்கிறது, இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அலுவலக மாடியில், படியேறி இடது பக்கம் மூன்றாவது கதவு. வட்டத் தாளோடு வா. தாள் இல்லாமல் வருவதானால் வராதே, என் வாசலையும் மிதிக்காதே.

உன் மதிப்பெண் போகும் என்றாய். போகட்டும்.

பாட்டி


அக்டோபர் 4

பாட்டி,

இது உன் கைக்கு நான் வந்த பிறகுதான் கிடைக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். அங்கே வந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

மேடமிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. வட்டத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். “இதை நீங்க ஏன் எனக்கு வகுப்பில காட்டல?” என்றுதான் கேட்டார். பிறகு என் அறிக்கையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். இந்த வருடம் களப்பணியில் நான் தேறவில்லை. அடுத்த வருடம் முதலிலிருந்து செய்ய வேண்டும், வேறு இடத்தில். தாள் என் பையில் இருக்கிறது.

எனக்கும் கோபம் இருக்கிறது பாட்டி. உனக்கு மட்டும்தான் அது சொந்தமா? ஐந்து வயதிலிருந்து மேசைக்கடியில் இருந்தேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தாய். எட்டுப் பேர் சுற்றி நின்றீர்கள், என்னைத் தட்டு நகராமல் பிடிக்கச் சொன்னாய். நானும் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். “நீ படிக்கிற பிள்ளை, உனக்கெதுக்கு?” என்றாய். இது உனக்கு நினைவிருக்கிறதா? உன் கடிதங்களில் கொதிகலன்காரர் சிந்திய டீ வருகிறது. இது வரவில்லை. என்னைக் காப்பாற்ற நீ வெளியே வைத்தாய். உன்னைக் காப்பாற்ற நான் கடைசியில் வைத்தேன். இதை எங்கேயிருந்து கற்றுக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை என்றா நினைக்கிறாய்?

செவ்வாய்க்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். படிவத்தில் இருக்கிற சொற்கள்தான் வருகின்றன.

பேத்தி


அக்டோபர் 14

பேத்திக்கு,

உன் கடிதம் நீ வந்துபோன மறுநாள் கிடைத்தது. தட்டைப் பிடிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. நீ கேட்டதும் நினைவிருக்கிறது. எழுதாமல் விட்டேன். எழுதியிருக்க வேண்டும்.

விசாரணை முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன், நான் பார்த்தபடி. மேனேஜர் வட்டத் தாளை வாங்கி, தலைப்பக்கம் எது என்று தேடி நாலு தடவை திருப்பினார். பக்கத்தில் இருந்த அதிகாரியம்மா, “இதுல மொதல் ஆள் யாரு?” என்று கேட்டாள். இஸ்திரிக்காரி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். நான் சொல்லியிருப்பேன், நான்தான் கூட்டினேன் என்று. நீ முந்திக்கொண்டாய். “யாரும் மொதல் ஆள் இல்ல. வரிசை போட்டது நான். எங்க பாட்டி பேர் கடைசியில வரணும்னு போட்டேன். இஸ்திரி அக்கா பேர் மொதல்ல வரும்னு தெரிஞ்சுதான் போட்டேன்.” தெரிஞ்சுதான் என்று சொன்னாய். அதைச் சொல்லாமலேகூட அவள் வேலை திரும்பக் கிடைத்திருக்கும். சொன்னாய்.

இஸ்திரிக்காரி உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ அவள் முகத்தைப் பார்க்காமல் போனது நல்லது. நான் பார்த்தேன்.

நேற்று அவளை உள்ளே விட்டார்கள். ஆனால் உருளை மெஷினில் இல்லை, அழுக்குத் துணி பிரிக்கிற மேசையில். ஊசி வருகிற மேசைதான். கையுறை வந்துவிட்டது, தடிமனாகத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு. கொதிகலன்காரர் கைக்குக் கச்சிதம், தையல்காரம்மா போட்டால் முழங்கை வரை போகிறது. வார்டில் உதறி அனுப்புவதைப் பற்றிப் பரிசீலிக்கிறார்களாம். அதையும் விட மாட்டோம். வேறு தாள் தயாராகிறது.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. டிசம்பர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். படித்துவிட்டு மடித்து வைத்தேன். தையல்காரம்மா வீட்டுப் பின்னறை இருக்கிறது. ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் போட இடம் போதும். இதற்காக நீ அழுதால் எனக்குக் கோபம்தான் வரும்.

இஸ்திரிக்காரி என்னோடு பேசுவதில்லை. நேற்று கேட் அருகே நின்று, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள். நீ சொன்னதை வைத்து, நானும் சேர்ந்து செய்தேன் என்று நினைக்கிறாளோ என்னவோ. போய் விளக்கம் சொல்ல மாட்டேன். பதினேழு வருடச் சிநேகம் போனது போனதுதான்.

உன் மேடம்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வட்டத்தைப் பார்த்ததில்லை, பார்த்ததும் புரிந்துகொண்டார். புதுசு விசாரணையில் கூப்பிட்டும் வரவில்லை, துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்று மாதம் ஆனவள், கையில் ஊசி ஏறியவள், போகட்டும். மேனேஜர் அவர் இருக்கிற நாற்காலிக்கு ஏற்றபடி நடந்தார். நாளைக்கு இன்னொருவர் வந்தாலும் அதைத்தான் செய்வார். அவரோடு சண்டை தொடரும், ஆனால் அது சண்டை, வேறொன்றுமில்லை. தட்டைப் பிடிக்கச் சொன்ன என்னையும் நான் விட்டுவிடவில்லை, அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் லீவு விட்டதும் வா. சாமான் கட்ட ஆள் வேண்டும். பீரோவை நகர்த்த என்னால் முடியாது. உனக்குச் சோறு போடுவேன், பாய் போடுவேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த தாளில் உனக்கும் ஒரு இடம் உண்டு, கையெழுத்துப் போடு. நீ அந்த அறையில் எழுந்து நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு பிரின்ட் கொடுத்ததையும் மறக்க மாட்டேன். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கச் சொல்லாதே. காலில் விழுந்தாலும் அது நடக்காது. வட்டம் எதற்கென்று மற்றவர்களுக்கெல்லாம் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகவே அன்று இருந்தவர்களிலும் இல்லாதவர்களிலும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என் பேத்தி.